கூடம் கோணலில்லை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வேலை இடத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை. 'ரசமட்டம்' என்று சொன்னால்தான் தெரியும். தரை மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற கருவியின் பெயர் அது. நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை சரி. வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரியான அவர் அந்தக் கருவியைக் கையை விட்டு இறக்கமாட்டார். தரைக்கு வைத்துப் பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் யாரும் பட்டப்பெயர் வைத்திருக்க மாட்டார்கள். மனிதர்களுக்கும் வைத்துப் பார்ப்பார் என்பதுதான் தொல்லை. சத்தமாகச் சிரித்தால் கோணல், வேலை நேரத்தில் பாட்டுக் கேட்டால் கோணல், டீயை நின்றுகொண்டு குடித்தால்கூட ஏதோ ஒரு கோணல் அவர் கண்ணில் பட்டுவிடும்.

அவருடைய சட்டங்களில் பெரியது ஒன்று. புதிதாகப் பதித்த கல்லை மறுநாள் காலை வரை ஒருவரும் மிதிக்கக் கூடாது. அடியில் கலவை ஈரமாக இருக்கும். ஒரு குதிகால் அழுந்தினால் போதும், கல் திரும்பிக்கொள்ளும். அதனால் வேலை முடிந்ததும் வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுவார். வீட்டுச் சொந்தக்காரரே வந்தாலும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் எட்டிப் பார்க்க வேண்டும். கயிற்றைத் தாண்டிய ஒரு வேலையாளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

வேலையில் தப்பு செய்துவிட்டுக் கலவையைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒரு பழமொழியைத் தயாராக வைத்திருந்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்." அதை அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. அம்மா இல்லாத வீட்டில் அக்காவே சோறூட்டி வளர்த்த பிள்ளை. வளர்ந்ததும் அக்கா புருஷனிடமே தொழில் கற்றுக்கொண்டு அவருக்குத் துணையாக நின்றுவிட்டான். கை நிதானம், வாய் அதைவிட நிதானம். மண்டியிட்டு வேலை செய்யும்போது முழங்காலில் பஞ்சு வைத்த உறை மாட்டிக்கொள்வான். தவழ்கிற குழந்தைக்குத்தான் முட்டி உறை தேவை என்று ரசமட்டம் கேலி செய்வார். தன் முட்டி இரும்பு என்று தொடையில் தட்டிக் காட்டுவார். முப்பது வருடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்த முட்டிக்கு உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் எந்தக் குமிழியும் இல்லையே.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் கோணல் வந்தது ஒரு கல்யாண விருந்தில்.

சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். சின்னவர், பெரியவர் என்று பார்க்காமல் எல்லாரும் ஆடினார்கள். ரசமட்டம் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி கூட்டத்திலிருந்து வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, அவருக்கு முன்னால் கையை நீட்டினாள். வாங்க, ஒரே ஒரு பாட்டு என்றாள். அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆடத் தெரியாது, அதுதான் விஷயம். நாலு பேர் பார்க்கக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறுவதை நினைத்தாலே காது சூடாகிறது. அதை மறைக்க வாய் முந்திக்கொண்டது.

"வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்க."

பக்கத்தில் நின்ற பெண்கள் காதில் அது விழுந்தது. நீட்டிய கையை அவள் மெதுவாக மடக்கி, ஏதோ புடவையைச் சரிசெய்யத்தான் நீட்டியது போலத் தோளைத் தொட்டுக்கொண்டாள். பிறகு போய் அந்தப் பாட்டு முடியும் வரை தனியாக ஆடினாள். வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சில வாரம் கழித்து ஒரு புது வீட்டில் கூடத்துக்கு டைல்ஸ் வேலை. பெரிய கூடம். முக்கால்வாசி முந்தின நாளே பதித்து இறுகியிருந்தது. ஜன்னலோர வரிசைகளை அன்று மாலைதான் முடித்தார்கள். மச்சினன் கரண்டிகளையும் ரப்பர் சுத்தியலையும் கழுவுவதற்காகப் பின்பக்கம் போனான். கலவை வாளியை வாசலுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுப் போனான். எப்போதும் அங்கேதான் வைப்பான்.

ரசமட்டம் கயிற்றைக் கட்டலாம் என்று எழுந்தபோது போனில் ஒரு வீடியோ வந்தது. கல்யாணத்தில் எடுத்தது. திறந்தால் அவர் மனைவி. தனியாக ஆடிக்கொண்டிருக்கிறாள். கூட்டத்தில் யாரையும் பார்க்காமல், கொஞ்சம் தலையைச் சாய்த்து, சந்தோஷத்துக்கும் அழுகைக்கும் நடுவில் ஏதோ ஒரு முகம். அவர் அதை ஒரு தடவை பார்த்தார். மறுபடி பார்த்தார். வீடியோ திரும்பத் திரும்ப ஓடும்படி போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு கண் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஆடினார்.

சிரிக்காதீர்கள். ஆள் இல்லாத கூடத்தில், அழுக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர், திரையில் மனைவி கையை வீசினால் இவரும் வீசி, அவள் நகர்ந்தால் இவரும் நகர்ந்து ஆடினார். இன்னொரு தடவை அவள் கையை நீட்டினால் எழுந்து போகலாம் என்று ஒரு எண்ணம். முதலில் கால் கட்டை மாதிரி இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இளகியதும் தைரியம் வந்தது. பாட்டின் கடைசியில் அவள் ஒரு சுற்றுச் சுற்றுவாள்; இவரும் சுற்றினார். சுற்றுகிற சந்தோஷத்தில் எந்தக் கல் நேற்றையது, எந்தக் கல் இன்றையது என்பதை ரசமட்டமே மறந்துபோனார். ஊன்றிய கால் அன்று பதித்த கல்லின் மேல் விழுந்தது. ஈரக் கலவையில் கல்லின் ஒரு பக்கம் அமுங்கிக் குதிகாலைப் பிடித்துக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முட்டி 'டப்' என்றது.

அவர் விழுந்த சத்தம் கேட்டு மச்சினன் ஓடி வந்தான். முன்பக்கத்தில் நின்றிருந்த வீட்டுக்காரரும் வந்துவிட்டார். எப்படி விழுந்தீங்க என்று அவர் கேட்டார். அந்த ஒரு நொடியில் ரசமட்டத்தின் கண்ணில் பட்டது வாளி. வலியைவிட வேகமாகப் பொய் வந்தது.

"இவன்தான் வாளியைக் குறுக்க வச்சிருந்தான். தடுக்கிடுச்சு."

வாளி சுவரோடு சுவராக அப்பாவியாக நின்றது. மச்சினன் வாளியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். வீட்டுக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு, பெரியவர் காலை உடைக்கப் பார்த்தாயே, பொறுப்பு வேண்டாமா என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டும் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அந்தக் களேபரத்தில் போனில் பாட்டு எப்போது நின்றது என்று ரசமட்டத்துக்கு ஞாபகமே இல்லை.

வீட்டில் மனைவியிடமும் வாளிக் கதையைத்தான் சொன்னார். ஒரு பொய்யைச் சொன்னவன் அதே பொய்யைத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். வேறு ஒன்று சொன்னால் இரண்டும் கெடும். கேட்டவள் முகம் மாறியது. தம்பியை அழைத்துப் போனிலேயே கிழித்துவிட்டாள். தொழில் சொல்லிக்கொடுத்த மனுஷனை முடமாக்கிவிட்டாயே, கவனம் இல்லாதவன் என் வாசலுக்கு வரவேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவன் அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று ரசமட்டம் கேட்கவில்லை. பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு தூங்குவது போல இருந்தார்.

முட்டி உடனே வீங்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால்தான் பானை மாதிரி இருந்தது. எண்ணெய் போட்டு நீவினார். துணியை இறுக்கிக் கட்டினார். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் படியில் இறங்கும்போது முட்டி உள்ளே எதையோ கடித்துக்கொள்ளும், சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கும். டாக்டரிடம் போகலாம் என்று மனைவி தினமும் சொன்னாள். தானாகச் சரியாகிவிடும் என்று தட்டிக் கழித்தார். டாக்டர் என்றால் முதல் கேள்வி 'எப்படி ஆச்சு' என்பதுதானே. அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு மனிதர் தன் காலையே விட்டுக்கொடுத்துக் கொண்டிருந்தார்.

மச்சினன் தனியாக அந்தக் கூடத்தில் இடுக்கு அடைக்கிற மீதி வேலையை முடித்துக் கொடுத்தான். மாலையில் வந்து தெருவில் நின்று, மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போவான். மாடி ஜன்னலிலிருந்து அக்கா அவனைப் பார்ப்பாள், கூப்பிடமாட்டாள். பார்த்துவிட்டு உள்ளே வந்து பாத்திரத்தை டங்கென்று வைப்பாள். அவள் அழுதாளா என்று ரசமட்டம் திரும்பிப் பார்க்கமாட்டார். அவள் ஆத்திரம் எல்லாம் தன் பொருட்டு என்பதை நினைத்ததும் அவர் தட்டைப் பாதியில் நகர்த்தி வைத்துவிடுவார். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தார். 'ஆடினேன்' என்ற ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. கல்யாண வீட்டில் அவளைக் கூனிக் குறுக வைத்த வாய்க்கு அந்த வார்த்தையைச் சொல்ல ஏது யோக்கியதை என்று தோன்றும். அவமானம் தின்றுகொண்டே இருந்தது. அவர் மென்று முழுங்கிக்கொண்டே இருந்தார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பது பழமொழி. இவர் கெட்டிக்காரரும் இல்லை. ஆனாலும் எட்டு நாளைத் தாண்டி ஓட்டினார். ஒரு காலை, கால் சரியாகிவிட்டது என்று காட்டுவதற்காகக் குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் துணியைத் தானே அலசினார். எழுந்திருக்கப் பார்த்தால் முட்டி நீளவில்லை. பாதி மடங்கிய நிலையில் தாழ்ப்பாள் போட்ட கதவு போல நின்றுவிட்டது. ஈரத் துண்டோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் ஒருத்தியால் தூக்க முடியவில்லை. கீழ்வீட்டில் ஆள் இல்லை. அவள் போனை எடுத்து, பேசாமல் இருந்த தம்பியிடம் "உடனே வா" என்று இரண்டே வார்த்தை சொன்னாள்.

அவன் வந்தான். வேலைக்குப் புறப்பட்டவன் அப்படியே வந்திருந்தான். குளியலறையில் மாமாவுக்கு லுங்கியைக் கட்டிவிட்டு, குனிந்து முதுகைக் காட்டினான். ரசமட்டம் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவன் ஒவ்வொரு படியாக, நிதானமாக, முட்டி சுவரில் இடித்துவிடாமல் இறங்கினான். எத்தனை நாள் இந்த நிதானத்தைக் கேலி செய்திருக்கிறோம் என்று அவருக்கு நினைப்பு வந்தது. அவன் பிடரியில் தன் மூச்சுப் படுவதுகூட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. முட்டியைத் தொடுவதற்கு முன்பு அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். ரசமட்டம் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். இதோ நிற்கிறானே, என் தம்பி, இவன் வாளியை வழியில் வைத்தான், அவர் தடுக்கி விழுந்தார் என்றாள். மச்சினன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் முட்டியின் உள்பக்கம், எலும்பும் எலும்பும் சேருகிற கோட்டில் விரலை வைத்து அழுத்தினார். ரசமட்டத்துக்கு உயிர் போய் வந்தது. பாதத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தார்; நீட்டப் பார்த்தார், நீளவில்லை. வீக்கம் அன்றைக்கேவா, மறுநாளா என்று கேட்டார். சத்தம் ஏதாவது கேட்டதா என்றார். பிறகு கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார்.

"தடுக்கி முன்னாடி விழுந்தா முட்டிச் சில்லுல அடிபடும், தோல் சிராய்க்கும். இது அப்படி இல்லீங்க. பாதம் தரையில மாட்டிக்கிட்டு உடம்பு மட்டும் திரும்பினா வர்றது. பந்து விளையாடறவங்க, ஆடறவங்க, அவங்களுக்குத்தான் அதிகமா பார்ப்போம். விழறதுக்கு முன்னாடி எங்கயாவது சுத்தித் திரும்பினீங்களா?"

இதோ கதவு திறந்திருக்கிறது, நுழைந்துவிடலாம் என்று ரசமட்டத்துக்குத் தெரிந்தது. மச்சினன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

"வாளிதான் டாக்டர்," என்றார்.

முதல் பொய் வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது அவர் யோசித்துச் சொன்னது. அதற்காகத்தான் பிறகு அவர் அதிகம் வெட்கப்பட்டார்.

டாக்டர் வற்புறுத்தவில்லை. ஞாபகம் வந்தால் சொல்லுங்கள் என்று சொல்லி ஸ்கேனுக்கு அனுப்பினார். படம் வந்ததும் மூன்று பேரையும் உட்காரவைத்து விளக்கினார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு ஜவ்வு இருக்கிறது. உடம்பின் பாரத்தை எலும்பில் இடிக்காமல் பரப்பிக் கொடுப்பது அதன் வேலை. ரசமட்டத்துக்கு அது உடனே புரிந்தது. கல்லுக்கு அடியில் கலவை சீராகப் பரவாவிட்டால் கல் உடையும் என்பது அவர் தினமும் சொல்கிற பாடம். ஜவ்வு கிழிந்த எல்லாருக்கும் கத்தி தேவையில்லை, பல பேருக்கு ஓய்வும் பயிற்சியும் போதும், ஆனால் முட்டி இப்படி மாட்டிக்கொண்டால் திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டுப் பார்ப்பார்களாம். ஜவ்வின் வெளி விளிம்புக்கு ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்திருந்தால் தைக்கலாம், ஒட்டும். உள் விளிம்புக்கு ரத்தம் போகாது. அங்கே தைத்தாலும் பெரும்பாலும் ஒட்டாது, கிழிந்ததை வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான். வெட்டினால் சீக்கிரம் நடக்கலாம், ஆனால் பின்னாளில் எலும்பு தேயும். இத்தனை நாள் நீவிக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்ததில் கிழிசல் நைந்திருக்கலாம், உள்ளே போய்ப் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும் என்றார்.

"உங்களுக்கு ஆகியிருக்கிற கிழிசலுக்கு வாளிக் கைப்பிடின்னே பேரு. கைப்பிடி ஒரு பக்கத்துலேர்ந்து மறுபக்கம் சாயும் பாருங்க, அந்த மாதிரி கிழிஞ்ச துண்டு நடுவுல வந்து மாட்டிக்கிச்சு."

வாளி என்ற வார்த்தையைக் கேட்டதும் ரசமட்டத்துக்கு வியர்த்துவிட்டது. டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய்யில்லை. மனைவி திரும்பித் தம்பியை ஒரு முறை முறைத்தாள்; முட்டிக்குள்ளேயும் அவன்தான் வாளியை வைத்தான் என்பது போல.

மறுநாள் மதியம் அறுவை சிகிச்சை. காலையில் வார்டுக் கட்டிலில் அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சட்டை முதுகுப் பக்கம் திறந்து கிடந்தது. மச்சினன் கட்டிலின் கால்மாட்டில், உட்காராமல் நின்றான். மனைவிக்குப் பயம். பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். தம்பியைப் பார்த்து, மெதுவான குரலில், வார்டில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"அவர் மறுபடி உட்கார்ந்து வேலை பார்க்க முடியலைன்னா நான் உன்னை மன்னிக்க மாட்டேன்டா. நீ எனக்குத் தம்பியே இல்ல."

அவன் கண் நிறைந்துவிட்டது. சரிக்கா என்று தலையை ஆட்டினான். சரியாம். செய்யாத தப்புக்கு, அம்மா மாதிரி வளர்த்த அக்காவை இழக்கவும் அவன் சரி என்கிறான். ரசமட்டம் கட்டில் கம்பியைப் பிடித்துத் தலையைத் தூக்கினார்.

"வாளி இல்ல," என்றார்.

இருவரும் திரும்பினார்கள்.

"வாளி சுவத்தோரமா அதோட இடத்துலதான் இருந்துச்சு. நான் தடுக்கல. நான்... ஆடினேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மனைவியின் குரல் கேட்டது.

"எந்தப் பாட்டுக்கு?"

எதை எதையோ கேட்பாள் என்று நினைத்திருந்தார், இதை நினைக்கவில்லை. பதில் கால்மாட்டிலிருந்து வந்தது.

"நீ கல்யாணத்துல ஆடின பாட்டுக்குத்தான் அக்கா. நான் ஓடி வந்தப்ப போன்ல நீ ஆடிக்கிட்டிருந்த. நான்தான் நிறுத்தினேன்."

ரசமட்டம் கண்ணைத் திறந்தார். இவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். வீட்டுக்காரர் திட்டும்போது, அக்கா கதவைச் சாத்தும்போது, டாக்டர் அறையில் அவர் இரண்டாம் முறை வாளி என்றபோது, அப்போதெல்லாம் தெரியும். மனைவி தம்பியையே பார்த்தாள். பிறகு ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டாள்.

"மாமா ஆடினாருன்னு நான் சொன்னா யார் நம்புவாங்க? அதோட, அவரே மறைக்கணும்னு நினைக்கிறதை நான் எப்படிக்கா சொல்றது?" கொஞ்சம் நிறுத்தி, அவரைப் பார்த்துச் சொன்னான்: "ஒரு கல்லு திரும்பியிருந்துச்சு மாமா. குதிகால் பதிஞ்சிருந்துச்சு. கலவை இறுகறதுக்குள்ள அன்னிக்கே திரும்பிப் போய் எடுத்துப் பதிச்சுட்டேன். உங்க தரையில ஒரு கல்லு கோணல்னு பேரு வரக்கூடாதுல்ல."

மனிதன் வெட்கத்தில் சாக முடியுமானால் ரசமட்டம் அந்தக் கட்டிலிலேயே போயிருப்பார். இவர் அவன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்த அதே சாயங்காலம், அவன் திட்டு வாங்கிய கையோடு திரும்பி வந்து இவர் பெயரைக் காப்பாற்றியிருக்கிறான்.

மனைவி எழுந்து தம்பியிடம் போனாள். அவன் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை கிடைக்காமல் அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அங்கிருந்தே புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"அன்னிக்கு நான் கையை நீட்டினப்ப வந்திருந்தா உங்க முட்டியும் போயிருக்காது, என் தம்பியும் போயிருக்க மாட்டான்."

மதியம் அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது டாக்டர் எதிரில் வந்தார். ரசமட்டம் அவரை நிறுத்தி, நான் சுற்றித் திரும்பியதுதான் டாக்டர், ஆடினேன் என்றார். தெரியும் என்பது போல டாக்டர் தலையசைத்து, எந்தப் பக்கம் சுற்றினீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கிழிசல் பெரும்பகுதி வெளி விளிம்பில் இருந்ததால் தைக்க முடிந்தது. நைந்துபோன ஒரு சின்ன ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். முட்டிக்குப் பட்டை போட்டு, ஊன்றுகோல் கொடுத்து, பல வாரம் அந்தக் காலில் முழு பாரம் கூடாது என்றார்கள். படுத்தபடி தொடையை இறுக்கித் தளர்த்தப் பயிற்சி கொடுத்தார்கள். பல மாதத்துக்குக் குத்துக்காலிடக் கூடாது, மண்டியிடக் கூடாது. டைல்ஸ் மேஸ்திரியிடம் மண்டியிடக் கூடாது என்பது மீனிடம் நீந்தாதே என்பது மாதிரி. அந்த மாதங்களில் வேலையை எல்லாம் மச்சினன்தான் எடுத்து நடத்தினான். தினமும் மாலையில் மாடி ஏறி வந்து அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். மனைவி பயிற்சிக்குப் பக்கத்தில் இருந்து உதவினாள், மருந்து கொடுத்தாள், எல்லாம் செய்தாள். பழைய சிரிப்பு மட்டும் உடனே வரவில்லை. அது தையல் போட்டு ஒட்டுகிற சாமான் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊன்றுகோலை ஒன்றாகக் குறைத்த பிறகு, என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று மச்சினனிடம் கேட்டார். எதற்கு மாமா, விடுங்க என்றான். அவர் விடவில்லை. வீட்டுக்காரர் முன்னால் நின்று, வாளியை இவன் குறுக்கே வைக்கவில்லை, நான் உங்கள் கூடத்தில் ஆடி விழுந்தேன், பழியை இவன் மேல் போட்டேன் என்றார். வீட்டுக்காரர் முதலில் நம்பவில்லை. நம்பியதும் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளேயிருந்த தன் மனைவியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னார். சொல்லட்டும் என்று ரசமட்டம் நின்றார். நாளைக்கு எல்லா வேலை இடத்திலும் பரவும், 'ரசமட்டம்' போய் வேறு பட்டப்பெயர் வரும், வரட்டும். சிரித்து முடித்த வீட்டுக்காரர் மச்சினனின் தோளைத் தட்டி, அன்றைக்குத் தெரியாமல் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். வந்த காரியம் அதுதான்.

போகும்போது ரசமட்டம் கூடத்து வாசலில் நின்றார். கயிறு இல்லை, சிவப்புத் துணி இல்லை. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. ஜன்னலோரம் போய் ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். இடுக்கு எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஊன்றுகோல் நுனியால் தட்டிப் பார்த்தார்; எங்கும் ஒரே சத்தம். குனிந்து தடவிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் முட்டி மடங்கக் கூடாது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மச்சினனிடம் நீட்டினார்.

"நான் திருப்பின கல்லு எது? அது மேல வச்சுக் காட்டு."

அவன் கருவியை வாங்கிக்கொண்டான். முட்டி உறை இல்லாத கால்களோடு தரையில் மண்டியிட்டான். வரிசையை ஒரு முறை பார்த்தான்.

"மறந்துட்டேன் மாமா," என்றான்.